சோறு இருப்பதாகச் சொன்ன பெட்டி

மகளின் கைப்பேசி செய்தி வாசித்தது. மனிதக் குரல் இல்லை, ஆனாலும் தேன் ஒழுகியது. பினாங்கில் எங்கள் பாயான் லெப்பாஸ் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் செயற்கை நுண்ணறிவு வந்ததில் தொழிலாளர்களுக்கெல்லாம் மகிழ்ச்சியாம். அங்கே நேற்று வேலை பறிபோன பக்கத்து வீட்டுச் செல்வி என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதே தேனைச் சின்ன வயதில், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டுச் செய்தி எதுவும் வராதபடி எங்கள் ரேடியோவின் உள்ளே எதையோ வெட்டி, முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அது, பினாங்கில் எல்லாருக்கும் அரிசி தாராளமாகக் கிடைக்கிறது என்றது. வீடு முழுக்க அவித்த மரவள்ளிக்கிழங்கின் வாடை. சோறில்லாமல் என் தம்பிக்குக் கால் வீங்கியிருந்தது. அம்மா கிழங்குத் தட்டைக் கொண்டுபோய் ரேடியோவின் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"அரிசி இருக்குன்னியே, எங்க? இந்தா, இன்னிக்கு நீ இதத் தின்னு!"

"மெதுவா பேசு லா, வெளிய கேக்கும்" என்று அப்பா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"கேக்கட்டும்!"

பெட்டிதான் இப்போது கைக்குள் அடங்கும்படி சிறுத்திருக்கிறது. கைப்பேசியைப் பிடுங்கிச் செல்வியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இவளப் பாத்துச் சொல்லு, மகிழ்ச்சின்னு!"

அது அதே இனிமையோடு வானிலை வாசிக்கத் தொடங்கியது.