மீட்டர்க்காரரின் நாய் நோட்டு

என் வீட்டுக்காரருக்குக் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. பத்தொன்பது வருடமாக ஊரார் கேட்டைத் திறந்து மூடுகிறார். மீட்டர் எண்களை எழுத ஆபீஸ் புத்தகம் உண்டு. அது போக, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் இருக்கும். அது முழுக்க நாய்கள். 'பச்சை கேட், கறுப்பு, குரைக்கும், கடிக்காது.' 'மாடி வீடு, குட்டை, சத்தமே வராது, கவனம்.' புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அதில் இவருக்குப் பெருமை பிடிபடாது.

அப்படிப்பட்டவரே இரண்டு தடவை கடி வாங்கியவர் என்பது வேறு விஷயம். முதல் தடவை முழுக் கோர்ஸ் ஊசி, அடுத்த தடவை இரண்டு. ஊசி அட்டையை நான்தான் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுத்தால் அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அவர் ஷூவைக் கழற்றும்போது பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு கீறல். சாக்ஸில் ரத்தப் பொட்டு.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. தையல்கார அக்கா வீட்டு வெள்ளை. கடிக்கல, பல்லு பட்டுச்சு, அவ்வளவுதான்."

"பல்லு பட்டா அதுக்குப் பேரு என்னவாம்?"

"பதினோரு வருஷமா தெரிஞ்ச நாய். நோட்டுல 'கடிக்காது'ன்னு என் கையால எழுதியிருக்கேன். அதோட எனக்குத்தான் முன்னாடியே எல்லா ஊசியும் போட்டாச்சே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நோட்டை அடுப்பில் போட்டிருப்பேன். ஒரு நாயின் நல்ல பெயர் கெடக்கூடாது என்று தன் காலை மறைக்கிற மனுஷனை என்ன செய்வது? குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கழுவினேன். பிறகு அட்டையோடு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

நர்ஸ் அட்டையைப் பார்த்தார். "முன்னாடி முழுசா போட்டது நல்லதாப் போச்சு. அதனால இப்ப ரெண்டே ஊசி. இன்னிக்கு ஒண்ணு, வியாழக்கிழமை ஒண்ணு. போட்டாச்சேன்னு சும்மா இருக்கக் கூடாது. எப்பக் கடிச்சாலும் வந்து காட்டணும்."

'கடி' என்றதும் இவர் வாயைத் திறந்தார். நான் முறைத்தேன். மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் முரண்டு. "நாயைப் பாத்துட்டு வரேன். அது நல்லா இருந்தா ஊசி எதுக்கு?"

அட்டையை எடுத்துக்கொண்டு நானும் கூடவே கிளம்பினேன். வெளியே வீராப்பாகப் பேசினாலும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். இவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தையல்கார அக்கா வீட்டு வாசலில் வெறும் சங்கிலி கிடந்தது. அக்காவின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"நேத்துலேருந்து தண்ணியே எறங்கல தம்பி. வாயெல்லாம் நுரை. விடியக்காலையில போயிடுச்சு."

கண்ணைத் துடைத்த கையில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்னக்கா?" என்றார் இவர்.

"முந்தாநாள் சோறு வெச்சேன். கடிக்கல தம்பி. பல்லு பட்டுச்சு, அவ்வளவுதான்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சோப்பு எங்கக்கா இருக்கு?" என்றார்.

வாட்சைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் அக்காவின் கையை அவரே கழுவிவிட்டார். அடுத்து மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவருக்கு இரண்டாவது ஊசி. அக்கா முன்பு ஊசியே போட்டதில்லை என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து ஊசி ஒன்று, அதோடு முழுக் கோர்ஸ். நேற்றுதான் அது முடிந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் இவர் நோட்டைப் பிரித்தார். வெள்ளையைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, 'கடிக்காது' என்று இருந்த இடத்திலெல்லாம் கோடு போட்டு, 'இதுவரை கடித்ததில்லை' என்று எழுதினார். முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.