என் கல்யாணப் பத்திரிகையின் தங்க நிறம்

நானும் முத்துவும் நான்கு வருடக் காதலர்கள். இருவரும் ஆண்கள், நான் முஸ்லிம், அவன் வெம்பக்கோட்டை விவசாயி வீட்டு இந்து. என் வீட்டுக்கு அவன் வெறும் கூட்டாளி. எனக்குப் பெண் நிச்சயம் செய்த அத்தா, பத்திரிகை அடிக்க என்னை இழுத்துப் போனதும் அவன் வேலை பார்த்த சிவகாசி அச்சகத்துக்குத்தான்.

"ஏலே முத்து, நீயே மாப்பிள்ளைத் தோழனா நின்னுரு. ஒன்னய விட இவன யாரு நல்லாப் பாத்துக்கிருவா?" என்றார் அத்தா.

எனக்குச் சிரிப்பு முட்டியது. முத்து சிரிக்காமல் மாதிரித் தாளை நீட்டினான்.

"சரி பாத்துக் கையெழுத்துப் போடுங்க. போட்டாத்தான் மிஷின்ல ஏத்துவோம்."

தனியாக இருக்கும்போது என்னை 'ஏலே' என்பவன், 'போடுங்க' என்றான். தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"தங்க நிறம் மங்கலா இருக்கு. ஒழுங்கா வேல பாக்க மாட்டீகளோ?" என்று அதட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நானே கல்யாணத்தை நிறுத்தினேன். விலகிப்போன முத்து என்னிடம் திரும்பி வரவில்லை. கையெழுத்து அத்தாவுக்குப் பயந்து போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தங்க நிறத்தைக் குறை சொல்லச் சொன்னது அத்தா இல்லை.