தொன்னை நிறையப் பிரசாதம்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் ஒரு பெண் வருவார். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதற்கே படித்தவராம். எங்கள் சின்ன வயதில் சோறு கிடைப்பதே பெரும்பாடு. அதற்கொரு படிப்பு இருக்குமென்று யார் நினைத்தார்கள்? ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. நாம் பேசி முடிக்கும்வரை பேனா மூடியைத் திறக்கமாட்டார்.

எனக்குச் சர்க்கரை. கால் கட்டைவிரலில் புண். சர்க்கரை குறையாவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று சொல்லித்தான் டாக்டர் அவரிடம் அனுப்பினார். களி, கீரை என்று வீட்டில் தின்பதையெல்லாம் சொன்னேன்.

“சரியாத்தான் சாப்பிடறீங்க. நடுவுல ஒண்ணும் இல்லியா?”

“கிரிவலப் பாதையில இளநி விக்கறேன்மா. கடையாண்ட தெனம் யாராச்சும் சக்கரைப் பொங்கல், கேசரினு குடுப்பாங்க. அது பிரசாதம். சாப்பாட்டுல சேருமா?”

“எவ்ளோ வாங்குவீங்க?”

“தொன்னை நிறைய.”

சிரித்துவிட்டார். “உள்ளங்கையில வாங்கனா பிரசாதம் தாத்தா. தொன்னை நிறைஞ்சா சாப்பாடு.”

மறுநாள் கையை நீட்டினேன். “இன்னா பெருசு, தொன்னை வாணாமா?” என்று பரிமாறியவன் கேலி செய்தான்.

மருந்தும் அதுவுமாகப் புண் ஆறியது. விரல் தப்பித்தது. காட்டலாமென்று போனபோது அவரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளங்கையில் வாங்கினால்தான் பிரசாதம் என்று சாமி பக்தியில் சொன்னாரா, எனக்குப் புரியட்டும் என்று சொன்னாரா, இன்னும் எனக்கு விளங்கவில்லை.