நாற்பத்தைந்தில் சுற்றிய கீறல்

இசைத்தட்டை உருகி உருகிப் புகழ்கிறவர்கள் யாரும் அதைச் சுமந்ததில்லை என்பது ராசம்மாவின் முடிவு. அவள் சுமந்திருக்கிறாள். நானூறு தட்டுகள், ஆறு தகரப் பெட்டிகள், ரெங்கம் என்ற சின்ன ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் அத்தனையிலும்.

பத்தொன்பது வயதில் ராஜசேகரனுக்கு வாழ்க்கைப்பட்டபோது அவரிடம் இருந்தவை ஒரு பிளேயர், ஒரு ஆம்பிளிஃபயர், இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள், ஒரு லாரி பேட்டரி. கல்யாணம், சடங்கு, திருவிழா எதுவானாலும் அவர்களுடைய பாட்டு செட் போகும். அவர் தென்னை மரத்தில் ஏறிக் கூம்பைக் கட்டுவார். இறங்கியதும் அவர் வேலை முடிந்தது. பந்தலில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசுவார். பிளேயருக்குப் பக்கத்தில் ராசம்மா.

ஒரு பாட்டு மூன்றே கால் நிமிடம். அதற்குள் அடுத்த தட்டை உறையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, ஊசியைப் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். சோறு தின்றாலும் மூன்றே கால் நிமிடம். ஒதுங்கப் போனாலும் மூன்றே கால் நிமிடம். மகளுக்குப் பால் கொடுத்ததும் அப்படித்தான், தவணை தவணையாக.

உறுமி மேளம் அருகில் வந்தால் ஊசி குதிக்கும். குதிக்காமலிருக்க ஊசித் தலையில் இருபது காசை வைப்பாள். காசின் கனத்தில் ஊசி தட்டை உழுதுவிடும். வெயிலில் வேனுக்குள் கிடந்த தட்டு அப்பளமாக வளையும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மேடை ஏறும் நேரத்தில் கீறல் மாட்டி, ஒரே சொல் பதினோரு தடவை வந்தது. பெண்ணின் சித்தப்பா தட்டைப் பிடுங்கி மண்ணில் வீசினார். ராஜசேகரன் அப்போதும் பந்தலில் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு கேசட் வந்தது. பக்கத்துக்கு முப்பது நிமிடம். அன்றுதான் ராசம்மா ஒரு பந்தியில் உட்கார்ந்து மோர் வரைக்கும் சாப்பிட்டாள். தட்டுகளை வெகுநாள் வைத்திருக்கவில்லை; குளுவாங்கிலிருந்து வந்த பழைய சாமான்காரரிடம் நானூறையும் கொடுத்துவிட்டு ஒரு மேசை விசிறி வாங்கினாள். சிடி மேலும் அவளுக்கு மரியாதை கிடையாது. ஆயுசுக்கும் உழைக்கும் என்று சொல்லி விற்றார்கள். மூன்று மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. அவள் மதித்தது பென்டிரைவை மட்டும்தான். ஆறாயிரம் பாட்டுகளை அடையாள அட்டையோடு சேர்த்துப் பர்சில் போட்டுக்கொண்டாள். கணவர் இறந்து இருபத்தொரு வருடமாகியும் செட்டை நிறுத்தவில்லை.

எழுபத்திரண்டாவது வயதில், தைப்பூசம் முடிந்த வாரம், முருகன் கோயில் தலைவர் சபாபதி போன் செய்தார். பங்குனி உத்திரத்துக்கு முப்பத்தெட்டு வருடமாக ராசம்மாதான் பாட்டு போடுகிறாள். இந்த வருடம் கமிட்டி வேறு மாதிரி யோசிக்கிறதாம்.

"ஜேபி டவுன்லேர்ந்து ஒரு தம்பி வரான்க்கா. எல்லாம் பழைய தட்டுலயே போடுவானாம். ஒரிஜினல் சத்தம். இளவட்டம்லாம் வரும்னு சொல்றாங்க."

"இளவட்டம் சாமி கும்புட வருதா, தட்டு கும்புட வருதா?"

"கோவிக்காதீங்கலா. ஞாயித்துக்கெழம மண்டபத்துல போட்டுக் காட்டுறான். நீங்களும் வந்து கேளுங்க."

கல்யாண மண்டபங்களெல்லாம் சொந்தமாக ஸ்பீக்கர் வைத்துக்கொண்ட பிறகு ராசம்மாவிடம் மிஞ்சியிருந்த ஒரே பெரிய வேலை அந்தத் திருவிழா. அது போனால் செட்டுக்கு மூடுவிழாதான். மகள் ரூபினி கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை அவள்தான் காரில் அழைத்துப் போனாள். வழி நெடுக ராசம்மா பர்சிலிருந்து பென்டிரைவை எடுப்பதும் திரும்பப் போடுவதுமாக வந்தாள். அது நல்லதற்கில்லை என்று ரூபினிக்குத் தெரியும்.

ஜேபி தம்பியின் பெயர் சரண். செட்டிநாட்டுக் குடும்பம், கணக்காய்வாளர் வேலை, அது போதாதென்று தட்டு விற்கும் காப்பிக் கடை ஒன்று. கமிட்டிக்காரர்கள் ஏழு பேர் முன்னால் மேசை விரித்து, கண்ணாடிக் குழல் எரியும் ஆம்பிளிஃபயரை ஏற்றிவைத்திருந்தான். தட்டை வெள்ளைக் கையுறை போட்டு எடுத்தான். ராசம்மா மகள் பக்கம் சாய்ந்து, "ஆபரேசன் பண்ணப் போறானா?" என்று கேட்டாள். மெதுவாகக் கேட்டதாக அவள் நினைப்பு. ஏழு பேரும் திரும்பினார்கள்.

"டிஜிட்டல்ல சத்தத்தத் துண்டு துண்டா வெட்டிடுவாங்க, ஆன்ட்டி. தட்டுல உயிர் இருக்கு. கதகதப்பு இருக்கு," என்றான் சரண். "அப்புறம், நம்ம எந்திரிச்சிப் போயி திருப்பிப் போடணும்ல? அந்த மெனக்கெடல்தான் அழகே. பாட்ட முழுசா கேக்க வைக்கும்."

"பன்னெண்டு வருசம் எந்திரிச்சேன் தம்பி. ஒரு பாட்டக்கூடக் கடைசி வரைக்கும் கேட்டதில்ல. கை அடுத்த தட்டுல இருக்கும். உனக்கு மெனக்கெடல் வேணும்னா என் வீட்டுக்கு வா, கொல்லையில புல்லு வெட்டணும்."

சபாபதி செருமினார். சரண் சிரித்துவிட்டு ஊசியை இறக்கினான். வெளிநாட்டில் அச்சடித்து அப்போதுதான் வந்திறங்கிய கனமான பெரிய தட்டு. உள்ளே பழைய திரைப்பாடல்கள். மண்டபத்தில் பாட்டு நிறைந்தது. பாட்டுக்கு அடியில் டிக், டிக் என்று மெல்லிய கீறல் சத்தம்.

"கேட்டீங்களா?" என்றான் சரண். "இந்தச் சத்தந்தான் அதோட ஆத்மா."

ஒரு கமிட்டிக்காரர் கண்களை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் ரசனை வந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ராசம்மா எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனாள். குனிந்தாள். விரல் டிக்குக்கு ஒரு தட்டாக மேசை விளிம்பைத் தட்ட ஆரம்பித்தது. ரூபினி அந்த விரலைப் பார்த்ததும் கைப்பேசியில் நேரத்தை அளக்கத் தொடங்கினாள்.

"தம்பி, இது புதுத் தட்டா?"

"இப்பத்தான் கவர் பிரிச்சேன் ஆன்ட்டி."

"புதுத் தட்டுல கீறல் எப்டி வந்திச்சி?"

சரண் குனிந்து தட்டைப் பார்த்தான்.

"எந்த வேகத்துல ஓடுது?"

"நிமிசத்துக்கு முப்பத்து மூணு சுத்து."

"லேபிள்ல அந்தச் செவப்பு எழுத்தப் பாரு. கீறல் இந்தத் தட்டோடதுன்னா, அந்த எழுத்து ஒரு சுத்து முடிச்சி வரப்பத்தான் டிக்கும் வரணும். இப்பப் பாரு. அது முக்கா சுத்து வரதுக்குள்ள டிக்கு முந்திக்குது."

மண்டபமே தட்டைப் பார்த்தது. கண்ணை மூடியிருந்தவரும் திறந்தார். சிவப்பு எழுத்து சுற்றி வருவதற்குள் கீறல் சத்தம் முந்திக்கொண்டு போனது, ஒவ்வொரு தடவையும்.

"பத்து டிக்குக்குப் பதிமூணு புள்ளி மூணு செகண்ட்," என்றாள் ரூபினி. "அது நாப்பத்தஞ்சு வேகம். முப்பத்து மூணுன்னா பதினெட்டு வரணும்."

"யாரோ தேஞ்சுபோன சின்னத் தட்ட நாப்பத்தஞ்சுல ஓட்டி, அத எதுலயோ புடிச்சி, திரும்பப் பெரிய தட்டுல வெட்டியிருக்கான்," என்றாள் ராசம்மா. "காசு வச்சி உழுத தட்டு அது. எனக்குத் தெரியும், நானே உழுதிருக்கேன்."

சரண் உறையைத் திருப்பி, பின்பக்கம் அடியில் இருந்த எறும்பு எழுத்தைப் படித்தான். "டிஜிட்டல் காப்பியிலேர்ந்து எடுத்ததாம்," என்று நேர்மையாகவே சொன்னான்.

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார் கண்ணை மூடியிருந்தவர்.

"பென்டிரைவுல இருக்குறதத்தான் கையுறை போட்டுத் தூக்கிட்டு வந்திருக்க," என்றாள் ராசம்மா.

சபாபதி விடவில்லை. "சத்தத்த விடுங்கக்கா. தட்டு சுத்துறதப் பாக்கவே ஜனம் வரும்லா."

"சுத்துறதுதான் வேணும்னா மேல பாருங்க தலைவரே. மண்டபத்துல ஆறு காத்தாடி சுத்துது. காசு குடுத்து ஆளக் கூப்புடணுமா?"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். சரணும் சேர்ந்து சிரித்தான். திருவிழா ராசம்மாவிடம் திரும்பி வந்தது அந்தச் சிரிப்பால்தான். அவள் சொன்னது சரி என்பதற்காக அல்ல. அதைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

சபாபதி நோட்டீஸ் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "சரிக்கா, நீங்களே போடுங்க. பேரு எப்பயும் போல அண்ணன் பேர்லயே இருக்கட்டுமா?"

இருபத்தொரு வருடமாக அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"செத்தவரா வந்து ஒயர் இழுக்கப் போறாரு? உயிரோட இருந்தப்பவே இழுத்ததில்ல. என் பேரப் போடுங்க."

சபாபதி எழுதினார்.

பங்குனி உத்திரம் மூன்று நாளும் பாட்டு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. பந்தியில் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள். நோட்டீஸின் கடைசி வரியில் 'ஒலி அமைப்பு: ராசம்மா, ரெங்கம்' என்று இருந்தது. அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது தடவை அதே வருடம் ஆகஸ்டில், நாளிதழின் இரங்கல் பக்கத்தில். அதில் வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.