பன்றி மேல் போட்ட பழி

லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு, அமெரிக்கக் காட்டில் யார் வந்தார், யார் போனார் என்று எழுதுவதுதான் எங்கள் தொழில். திரையைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன சகோதர சகோதரிகளே, என் கதை உங்களுக்கு உடனே விளங்கும். அங்கே மரங்களில் கமராக்களைக் கட்டியிருக்கிறார்கள். ஏதாவது அசைந்தால் அவை படம் எடுக்கும். அந்தப் படங்கள் மூட்டை மூட்டையாக எங்கள் கணினிக்கு வரும். பன்றி, வான்கோழி, மான், எதுவும் இல்லாத வெறும் படம் என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் குறி போட வேண்டும்.

அந்த நாட்டின் தென்பகுதியில் காட்டுப்பன்றி கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. காட்டு வான்கோழியோ குறைந்துகொண்டு போகிறது. அது நிலத்தில் முட்டையிடும் பறவை. அது குறைவதற்குக் காரணம் பன்றிதானா என்று அறிய விரும்புகிறவர் கரோல் என்ற ஆராய்ச்சியாளர். அவர்தான் எங்கள் வாடிக்கையாளர்.

வேலைக்கு எடுத்த கதை

ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்தபின் பதினொரு வருடம் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை எக்ஸ்ரே திரையில் பார்த்தவள் நான். பெட்டிக்குள் கிடக்கும் கத்தரிக்கோலைக் கண்ட கண்ணுக்குப் பற்றைக்குள் நிற்கும் பன்றி எம்மாத்திரம்? சுவிஸில் இருந்து வந்து பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இந்த அலுவலகத்தைத் திறந்த ஜெகன் அண்ணையிடம் அதையே சொன்னேன். அவர் பத்துப் படங்களைக் காட்டினார். கடைசிப் படம் வெறும் படம் என்று அவர் நினைத்திருந்தார். இடது பக்க மூலையில் புல்லுக்கு நடுவே ஒரு வான்கோழித் தலை இருக்கிறது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். படத்தைப் பெரிதாக்கினார். தலை இருந்தது.

“தங்கச்சி, நாளைக்கு ஷிப்டுக்கு வாறியளோ, இல்லை இப்பவே இருக்கிறியளோ?”

காட்டில் மயில்

எனக்கு எதிர் மேசையில் மலர் அக்கா. முருக பக்தை. வெள்ளிக்கிழமைகளில் விரதம், வாயில் தேவாரம், கை மட்டும் குறி போட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் கரோலிடம் இருந்து கடிதம் வந்தது. தன் காட்டில் மயில் நிற்பதாக நாங்கள் எழுதியிருக்கிறோம், யாராவது வளர்த்த மயில் தப்பி வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்.

படத்தை எடுத்துப் பார்த்தோம். விடியற்கால மங்கலில் ஆண் வான்கோழி ஒன்று பேடைக்கு முன்னால் வாலை விசிறிபோல விரித்து நின்றது. குறிப் பட்டியலில் மயில் இல்லையே, எங்கே போட்டீர்கள் என்று ஜெகன் அண்ணை கேட்டார். ‘மற்றவை’ என்ற பெட்டியில் அக்கா தன் கையாலேயே தட்டியிருந்தார். கொஞ்சமும் அசையவில்லை அவர்.

“தோகையை விரிச்சுக்கொண்டு நிக்குது. பிறகு நான் அதை என்னெண்டு எழுதிறது?”

முதல் பந்தி

வேலையில் பெரும் பகுதி வெறும் படம்தான். காற்றுக்குப் புல் ஆடினாலும் கமரா எடுத்துவிடும். ஆனால் பொறுமையாகப் பார்த்தால் கதை தெரியும். ஓக் மரத்தடியில் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் காலத்தில், பன்றிகள் குட்டி குருமான்களோடு குடும்பமாக வந்து மண்ணை உழுதுவிட்டுப் போகும். அதன் பிறகு அந்த மரத்தடிக்கு வான்கோழி வருவது குறைந்துவிடும். வந்தாலும் நாலு தரம் கிளறிப் பார்த்துவிட்டு நடந்துவிடும். குளிர்காலத்தில் இரண்டுக்கும் அதே கொட்டைதான் சாப்பாடு என்று கரோல் எழுதியிருந்தார். நான் அதை வாசித்துக் காட்ட, மலர் அக்கா சுருக்கமாக முடித்தார்.

“முதல் பந்தியிலை இருந்தவையளே முழுக்கச் சாப்பிட்டு முடிச்சால் ரெண்டாம் பந்தி எழும்பி வீட்டைதானே போகும்.”

கூடுகள்

இனி என் பிழைக்கு வருகிறேன். வசந்தத்தில் கூட்டுப் படங்கள் வந்தன. முட்டைகள் நாசமான ஒவ்வொரு கூட்டுக்கும் யார் அழித்தது என்று எழுத வேண்டும். ஒரு கூட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பது கரோலின் சட்டம். எங்கள் மேசைகளோ எதிரெதிர். “இதென்ன பவானி?” என்று அக்கா கேட்பார். “பண்டி” என்பேன் நான். அவரும் பன்றி என்று போடுவார். எங்கள் ஆட்கள் ஒரே அறையில் தேநீர் குடித்துக்கொண்டு ரகசியம் காப்பார்கள் என்று எதிர்பார்த்தது கரோலின் அறியாமை. என் கண்ணுக்கு இருந்த பெயரால் யாரும் மறுத்துப் பேசவும் இல்லை.

எனக்கும் பன்றிக்கும் பழைய கணக்கு. போர்க்காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்திருந்தபோது பசிக்கென்று நாங்கள் நட்ட மரவள்ளியைப் பன்றிகள் ஒரே வரவில் கிளறித் தின்றுவிட்டுப் போயின. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் கடைசிப் படத்தில் இருந்து பின்னோக்கிப் பார்ப்பேன். பன்றி தென்பட்டதும் வழக்கு முடிந்தது. அதற்கு முந்திய படங்களை நான் திறப்பதே இல்லை.

எங்கள் விடைகளைப் பார்த்துக் கரோல் மகிழ்ந்துபோனார். அடுத்த வசந்தத்துக்குள் ஆட்களையும் பொறிகளையும் முழுக்கப் பன்றிப் பக்கம் திருப்பும்படி அங்குள்ள வன அதிகாரிகளிடம் கேட்கப்போவதாக எழுதினார். அதே வாரம், புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட ஒரு கூட்டை முதல் படத்தில் இருந்து ஓட்டினேன். பன்றி வருவதற்கு வெகு நேரம் முன்பே, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வாலில் வளையங்களுமாக ஒரு ரக்கூன், எங்கள் மரநாயின் அமெரிக்கத் தம்பி, முட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தது. பன்றி வந்தது மிச்ச ஓடுகளை மோந்து பார்க்கத்தான்.

மற்றக் கூடுகளையும் திறந்தேன். சிலவற்றில் பன்றியேதான், ஓட்டோடு விழுங்கியிருந்தது. சிலவற்றில் பாம்பு. மற்றவற்றில் ரக்கூன். என் விடையை நம்பிப் போனால் ஆட்கள் பன்றியின் பின்னால் ஓடுவார்கள். அடுத்த வசந்தத்திலும் பேடுகள் இதே கள்வனிடம் முட்டைகளைப் பறிகொடுக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. “இனி ஆருக்குத் தெரியப்போகுது, விடடி” என்றார் மலர் அக்கா. ஜெகன் அண்ணையின் முகம் செத்துப்போனது. அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். கரோல் கைவிட்டால் எங்கள் ஆறு பேருக்கும் வேலை இல்லை. மறைப்போமா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் போனைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

“நான் கதைக்கமாட்டன் தங்கச்சி. பிழை விட்ட ஆள்தான் சொல்லவேணும்.”

கரோலின் தீர்ப்பு

சொன்னேன். ரக்கூனைச் சொன்னேன், மரவள்ளியைச் சொன்னேன், இரண்டு பேர் பார்த்ததாக அனுப்பிய விடையெல்லாம் உண்மையில் ஒருத்தியின் விடை என்பதையும் சொன்னேன். இரண்டு மனிதர்கள் ஒரு தடவைகூட முரண்படவில்லை என்றபோதே தனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று கரோல் சொன்னார். தன் கோரிக்கையை அதிகாரிகளுக்கு இன்னும் அனுப்பவில்லை என்றார். பத்து நாளில் எல்லாக் கூடுகளையும் திரும்பப் பார்த்துத் தரச் சொன்னார்.

மலர் அக்காவின் மேசையைத் தேநீர் போடும் குசினிக்குள் தள்ளினோம். கதவையும் சாத்தினோம். முதல் நாளே அவர் விடையும் என் விடையும் மூன்று இடத்தில் மோதின. மூன்றிலும் அவர் சொன்னதே சரி, அந்தச் சந்தோசத்தில் அன்று எல்லோருக்கும் வடை சுட்டார். முடிவில் பன்றி குற்றமற்றது என்று வரவில்லை. கூடு அழித்தவர் வரிசையில் அதுவும் இருந்தது, கொட்டைகளைத் தின்று தீர்த்ததும் அதுதான். ஆனால் முட்டைக் களவில் ரக்கூன்தான் முந்தி நின்றது. கரோல் தன் கோரிக்கையை மாற்றி, பன்றிக்கும் ரக்கூனுக்கும் சேர்த்துப் பொறி கேட்டு அனுப்பினார். ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார். அதில் ஒரு நிபந்தனையைத் தானே சொல்லிச் சேர்க்க வைத்தார்.

“பவானி ஒவ்வொரு படத்தையும் பார்க்கட்டும், அந்தக் கண் எனக்கு வேண்டும், ஆனால் முதல் படத்தில் இருந்து பார்க்கட்டும்.”

பன்றியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, என்றாலும் அது செய்யாத களவுக்கு அதன் பக்கம் நின்று சாட்சி சொல்ல உலகத்திலேயே ஒருத்தி இருக்கிறாள் என்றால், அவள் ஹவுன்ஸ்லோவில் பலசரக்குக் கடைக்கு மேலே, வேண்டா வெறுப்பாக உட்கார்ந்திருக்கிறாள்.