சாத்தம் படகில் என் புகை

என் ஜீப்பின் சைலன்சரை மாற்றும்போது, "இ.ஜி.ஆரையும் அடைச்சிரலாமா? பிக்கப் சும்மா பிச்சுக்கும்" என்றார் மெக்கானிக். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பி நச்சைக் குறைக்கும் ஏற்பாடு அது. தெரிந்தேதான் தலையாட்டினேன்.

மறுநாள் சாத்தம் படகுத்துறையில், வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் ஏறினேன். எதிர்க்கரையிலுள்ள பாம்பூ பிளாட் ஜெட்டி கண்ணில் பட்டதுமே எல்லோரும் எஞ்சினைப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். நானும் போட்டேன். புதுச் சத்தத்தை நாலு பேர் கேட்கட்டுமென்று உறுமவும் விட்டேன். படகில் நகர இடமில்லை. என் புகை, பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணின் முகத்தில் போய் அடித்தது. குழந்தை இருமி இருமி அழுதது.

அந்தப் பெண் குழந்தையின் மூக்கைத் துப்பட்டாவால் பொத்தியபடி என் ஜன்னலுக்கு வந்தார். சண்டைதான் என்று நினைத்தேன்.

"வண்டி கராப் ஆயிருச்சாண்ணே? கவலைப்படாதீங்க. ஜெட்டி பக்கத்துலதான் என் தம்பி கராஜ். நான் சொன்னா உடனே பார்த்துக் குடுப்பான்."

"ஆமாம்மா, காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது" என்றேன்.

இறங்கியதும், அவர் கைகாட்டிய கராஜைப் பார்க்காதவன்போல் தாண்டிப் போனேன். பானட்டைத் திறந்தால், அது பழுதல்ல, ஆசைப்பட்டு அடைத்தது என்று அவர் தம்பிக்குத் தெரிந்துவிடும்.

அடைப்பை மறுவாரமே எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த ஜெட்டியில் இறங்கும்போதெல்லாம் இன்றும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன்.