ஒரே பகலில் பாரிஸ்

லண்டனிலிருந்து பாரிஸுக்கு எவ்வளவு நேரம் என்று, அலோர் காஜா பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாரிஸ். துரைக்குச் சமையல்காரரான என் மாமா சொன்ன கணக்கு அது. துரை லீவில் சீமைக்குப் போனபோது அவரையும் கூட்டிப்போயிருந்தார்.

துரை பொங்கலுக்கு முன்பே திரும்பிவிட்டார். சிங்கப்பூரில் இருவரும் ஒன்றாகத்தான் கப்பலை விட்டு இறங்கினார்களாம். கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மாமா அங்கேயே நின்றுவிட்டாராம். பைப்படியில் பெண்கள் சிங்கப்பூர்க்காரி ஒருத்தியைப் பற்றிப் பேசுவார்கள். நான் குடத்தோடு போனால் பேச்சு மழைக்கு மாறிவிடும். அத்தை மட்டும் தினமும் பால்வெட்டு முடிந்து வரும்போது ரோட்டோரம் நின்று, பஸ் போன பிறகுதான் வீட்டுக்குள் நுழைவாள்.

மாமா வந்தது பங்குனி உத்திரமும் கழித்து. கையில் ஒரு பிஸ்கட் டின், வாய் நிறையச் சீமைக் கதை.

அன்று சாயங்காலம் லயமே அவர் வீட்டு வாசலில் கூடியது. மாமா ரப்பர் பால் பிடிக்கும் மங்கு இரண்டைக் கவிழ்த்து வைத்தார். ஒன்று லண்டன், ஒன்று பாரிஸ். நடுவில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர், அது கடல்.

"மொதல்ல ரயிலு, அப்புறம் கப்பலு, மறுபடி ரயிலு. நாடு மாறிப்போவுது, பேச்சு மாறிப்போவுது, எல்லாம் ஒரே பகல்ல!"

கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்று அப்பா முணுமுணுத்தார். எனக்குக் கோபம் வந்தது. மாமா என்றால் எனக்கு உயிர். மற்றவர்களோ வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போனால் திரும்புவோமா என்பதே தெரியாதவர்கள்.

கதவோரம் நின்றிருந்த அத்தை அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அது சரிங்க. சிங்கப்பூர்லேர்ந்து இங்க வர எவ்வளவு நேரமாவும்?"

மாமா தாம்பாளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற எனக்கு இது தெரியாதா?

"ஒரு ராத்திரி அத்தே! ரயில்ல ஏறிப் படுத்தா விடியக்காலம் தம்பின் ஸ்டேஷன். அங்கேருந்து பஸ்ஸு!" என்று கத்தினேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். சரியான பதில் சொன்னதற்குக் கிள்ளு வாங்கியது உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. சீமை வரைக்கும் போய்வந்த மாமாவுக்குப் பக்கத்து ஊர் வழி தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அத்தை அவருக்குச் சோறு போட்டு வைத்தாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஏன் வந்தாய் என்று அம்மா கேட்கவில்லை. அத்தையின் முதுகு குலுங்குவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அத்தனை பேரில் அவளுக்கு மட்டும் அந்தப் பாரிஸ் கணக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. அவள் தோளைத் தொட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"மொதல்ல ரயிலு, அத்தே. அப்புறம் கப்பலு..."